ஐந்து செங்கல் உயரம்

பஸ்ஸின் முதல் படி ஐந்து செங்கல் உயரம். படுக்கை வாக்கில் அடுக்கினால் சரியாக ஐந்து. டிரைவர் டீ குடிக்க இறங்கிய நேரம் பார்த்து, திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, தரைக்கும் படிக்கும் நடுவே கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டு எடுத்து வந்தேன். நாற்பது வருஷமாகச் செங்கல் சூளையில் கிடக்கிறவனுக்கு எந்த உயரமும் செங்கல்லாகத்தான் தெரியும்.

அளக்க வைத்தது என் மனைவி. அதற்கு முந்தின வாரம் இரண்டு பேரும் டவுனுக்குப் புறப்பட்டோம். மகள் அங்கே இருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. ரத்தக் கொதிப்பு இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பயணம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் இங்கே வர முடியாது, நாங்கள்தான் போக வேண்டும். மூன்று மணி நேரப் பயணம். தனி வண்டி பிடிக்கிற வசதி நமக்கு ஏது, பஸ்தான்.

பஸ் வந்து நின்றது. இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். கால் பாதி தூரம் போய் அந்தரத்தில் நின்றுவிட்டது. இறக்கி வைத்துவிட்டு மறு காலைத் தூக்கினாள். அதுவும் அப்படியே. நான் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துத் தள்ளப் போனேன். "ஊரே பாக்குது, கையை எடுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். வீட்டுக்கு வந்து வாசலில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள், பஸ்ஸை உயரமாகக் கட்டிவிட்டார்கள் என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். அன்றைக்கு மகளுக்குப் பிரசவ நாள் வர இன்னும் பதினோரு வாரம் இருந்தது.

என் மனைவி முப்பது வருஷம் சூளையில் கல் சுமந்தவள். காய்கிற களத்திலிருந்து சூளை வாய் வரைக்கும் தலையில் சுடாத பச்சைக்கல் பத்து. இறக்குகிற இடத்தில் மேஸ்திரி ஒரு தகர வில்லையைக் கையில் போடுவார். சாயங்காலம் யார் மடியில் எத்தனை வில்லையோ அதுதான் அன்றைய வேலை. வெறுந்தலையோடு களத்துக்குத் திரும்பி நடக்கிற தூரம் எதிலும் சேராது. அது மூச்சு வாங்கிக்கொள்கிற நேரம். அப்படி நடந்தவள்தான் முட்டி வலி வந்து, போதும் என்று இரண்டு வருஷம் முன்னால் நின்றாள். நின்றவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

வாரம் ஒரு நாள் ஊருக்கு வருகிற டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, எலும்பில் பெரிய கோளாறு இல்லை, உட்கார்ந்து உட்கார்ந்து தொடைச் சதை செத்துப்போச்சு என்றார். இப்படியே விட்டால் அடுத்த வருஷம் கழிவறைக்குப் போகவே ஆள் பிடிக்க வேண்டும். மருந்தைவிட நடைதான் முக்கியம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். திரும்பி வரும்போது இவள் பொரிந்து தள்ளினாள்.

"முப்பது வருஷம் நடந்தது பத்தலையாமா அவருக்கு. மிச்சம் இருக்கிற முட்டியையாவது செலவு பண்ணாம வச்சுக்கறேன்."

இவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் அறுபது தாண்டிய அத்தனை பேருக்கும் இதே நினைப்புதான். உடம்பு என்பது டப்பாவில் இருக்கிற சர்க்கரை மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும், எடுக்காவிட்டால் அப்படியே இருக்கும் என்று. எறும்பு அரிப்பதை யாரும் யோசிப்பதில்லை.

சுகாதார நர்ஸம்மா ஒருத்தி இருக்கிறாள். சின்னப் பெண். ஒரு ஸ்கூட்டரில் நாலு ஊரைச் சுற்றுகிறாள். வயதானவர்களுக்கு உடற்பயிற்சி என்று பழைய விதைக் கிடங்கில் புதன்கிழமை தோறும் நாற்காலி போட்டாள். சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தாள். தலை நரைத்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி புல்வெளியில் ஓடுகிறார்கள்.

டிராக்டர்காரர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவர், என் மனைவிக்கு அண்ணன் முறை, எனக்கு மச்சான். "எதுக்கு மாப்ளே இப்படி ஓடுறாங்க? மாடு அவுத்துக்கிச்சா?" என்று கேட்டார். கிடங்கே சிரித்தது. நர்ஸம்மாவும் சிரித்தாள், பாவம்.

முதல் புதன் பதினெட்டுப் பேர் வந்தார்கள். இலவசமாகக் கண்ணாடி தருவார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், அஞ்சு தடவை என்றாள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டுவிட்டு எழுந்திரி என்பது என்ன மரியாதை என்று மச்சான் நியாயம் கேட்டார். இவள் ஒரே ஒரு தடவை எழுந்தாள், அதுவும் கையை ஊன்றி. அடுத்த புதன் நாங்கள் மூன்று பேர்தான். அதில் மச்சான் தூங்கிவிட்டார். நர்ஸம்மா சுவர்ப் படத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் மனைவியிடம் ஓர் அட்டையைக் கொடுத்தாள். கட்டம் கட்டமாக இருந்தது. உங்கள் வீட்டிலிருந்து பம்ப் ரூம் முந்நூறு அடி தூரம், அந்தத் தூரத்தைத் தினம் நாலு தடவை நடங்கள், அடுத்த வாரம் ஆறு, அதற்கடுத்த வாரம் எட்டு, நடக்க நடக்கக் கட்டத்தில் டிக் போடுங்கள் என்றாள். டிக் போடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பிரசவத்துக்கு மீதம் ஒன்பது வாரம்.

முதல் நாள் சாயங்காலம் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் தெருவில் ஒருவர் நடந்து போனால் பார்க்கிறவர் 'எங்கே' என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். கேட்டுவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். எதிர்வீட்டில் கேட்டார்கள். இவள் தலையை ஆட்டினாள். முக்கு வீட்டில் கேட்டார்கள். இந்தப் பக்கம்தான் என்றாள். பாதி வழியில் கடை பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருந்தார். காலையில் உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும் அந்தப் பெஞ்ச் அவருடையது. "என்ன தங்கச்சி, எங்க பயணம்?" என்றார். இவள் அப்படியே திரும்பி வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். சும்மா நடக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லையாம். எங்கள் ஊரில் சும்மா நடக்கிறவன் ஒன்று குடிகாரன், இல்லையென்றால் மூளை கலங்கினவன்.

மறுநாள் கிளம்ப மறுத்தாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். மகளுக்காக என்றேன், மகளுக்காகத்தான் மானத்தை வாங்குகிறீர்களா என்றாள். ஒருநாள் முழுக்க யோசித்து நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"கையில ஒரு குடத்தை எடுத்துக்க. கேட்டா, தண்ணிக்குப் போறேன்னு சொல்லு."

குடத்தைத் தொட்டதும் ஆளே மாறிவிட்டாள். பிளாஸ்டிக் குடம் இடுப்பில் ஏறியதும் முதுகு நிமிர்ந்தது. மச்சான் விடவில்லை, வீட்டிலேயே குழாய் இருக்கும்போது பம்ப் ரூமுக்கு என்ன வேலை என்றார். அந்தத் தண்ணி உப்புக் கரிக்குது என்றாள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல். எனக்கே நாக்கில் உப்புத் தட்டியது.

தினமும் சாயங்காலம் நான் அட்டையை எடுத்து, எத்தனை என்று கேட்பேன். நாலு என்பாள். நாலு டிக். அடுத்த வாரம் ஆறு. அவள் முகத்தில் வேர்வையைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. வீட்டில் அண்டா, குண்டா, வாளி, சொம்பு எல்லாம் தளும்பி நின்றன. ராத்திரி மீந்த சோற்றில் தண்ணி ஊற்றி வைக்க ஒரு பாத்திரம் காலி இல்லை. நர்ஸம்மாவின் புதன்கிழமைக்கு வராத பெண்கள் ஐந்தாறு பேர், குழாய்த் தண்ணியில் உப்பு ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்ப் ரூமுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்திக்கு எழுபது வயது. உள்ளதைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருத்தி வரவில்லை. பொய்க்கு ஊரே நடக்கிறது. எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

மூன்றாவது வாரம் எட்டு. ஐந்து நாள் எட்டு எட்டாக டிக் போட்டேன். ஆறாம் நாள் காலையில் அவளால் காலை மடக்க முடியவில்லை. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"இப்ப சந்தோஷமா?" என்று மட்டும் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டர் மேல், நர்ஸம்மா மேல், அந்த வெள்ளை ஷூ போட்ட ஜோடி மேல். நல்லாக் கெடந்த பொம்பளையை இப்படிப் படுக்க வைத்துவிட்டீர்களே என்று போனில் நர்ஸம்மாவைப் பிடித்துக் கேட்டேன். இதோ வர்றேன் என்றாள். ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டர் வாசலில் நின்றது.

வீக்கத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். எட்டு என்றால் அதிகமில்லையே, இதற்கு இப்படி வீங்காதே என்று குழம்பினாள். எப்படி நடந்தீர்கள், ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்று என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி நடப்பாங்க? குடத்தை எடுத்துட்டுப் போவேன். ரொப்பிட்டு வருவேன். ஒண்ணு."

"தண்ணி ரொப்பியா?"

"வெறுங்குடத்தைச் சுமந்துட்டு வந்தா சிரிக்க மாட்டாங்களா?"

நர்ஸம்மா அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. அது ரெண்டு ஆச்சேம்மா" என்றாள்.

என் மனைவி அவளை ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "வெறுங்கையோட போறதை யாரு கணக்குல சேர்ப்பா, கண்ணு?"

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்களும் கூடப் போனீங்கல்ல?"

போனேன். நாலைந்து நாள் கூடவே நடந்தேன். போகும்போது வெறுங்குடம், வரும்போது நிறைகுடம், நிறைகுடம் வீட்டுக்குள் இறங்கியதும் ஒன்று. என் மனசுக்குள்ளும் அப்படித்தான் ஓடியது, கையில் தகர வில்லை விழுந்த மாதிரி. அது தப்பாக இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. நாலு என்றால் எட்டு நடந்திருக்கிறாள். எட்டு என்றால் பதினாறு. அதில் பாதி பாரத்தோடு. அவளுக்கு ஒத்தாசை பண்ணுகிறேன் என்று நானே சூளையைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். நர்ஸம்மாவிடம் போனில் கத்தியதெல்லாம் ஞாபகம் வந்து, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தளும்பிக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். நாலு ஊரில் நாற்பது அட்டை கொடுத்திருக்கிறேன், எல்லாரும் சூளை ஆட்கள் என்று தனக்குத் தானே சொன்னாள். பத்து நாள் காலை நீட்டி வைக்கச் சொன்னாள். எழுந்திருக்கும்போது, "ஒரு நல்ல விஷயம் சொல்லவா? செத்துப்போச்சுன்னு சொன்ன காலு, பதினாறு நடந்திருக்கு" என்றாள்.

இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பத்து நாளும் பம்ப் ரூமுக்குப் போகிற பெண்கள் வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இவளைப் பார்க்க வந்தார்கள். உப்பு குறைந்ததா என்று விசாரித்தார்கள். இவள் படுத்துக்கொண்டே, இன்னும் இல்லை என்றாள்.

வீக்கம் வடிந்ததும் குடத்தை எடுத்துப் பரண்மேல் போட்டேன். நடை இரண்டாக ஆரம்பித்தது, போவது ஒன்று, வருவது ஒன்று. யாராவது எங்கே என்று கேட்டால் நான் முந்திக்கொண்டு, டாக்டர் சொன்னார் என்பேன். பின்கட்டில் ஜன்னல் கம்பிக்குக் கீழே செங்கல் போட்டேன். முதலில் ஒரு கல் உயரம். ஏறு, இறங்கு. நாலு நாள் கழித்து இரண்டு கல். பிறகு மூன்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறுவாள். நாலாவது கல் வைத்த அன்று மூன்று தடவை தவறவிட்டு நாலாம் தடவை ஏறிவிட்டாள். அதோடு நின்றது. காலையில் நான் ஐந்தாவது கல்லை வைப்பேன். நான் சூளைக்குப் போய் வருவதற்குள் அது சுவரோரம் போயிருக்கும். கேட்டால், நாலே போதும் என்பாள். பஸ் ஐந்து என்று கயிற்றைக் காட்டினால், பஸ்ஸோட நானா பேச முடியும் என்பாள். ஒருநாள் நான் கயிற்றை வீசியெறிந்துவிட்டு, உன் பிடிவாதத்தால் பெண் தனியாகக் கிடந்து பெறப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன். ஒரு பகல், ஓர் இரவு என்னோடு பேசவில்லை. ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் பின்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. நாலு கல் உயரத்தில்தான்.

சொன்ன தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை விடியற்காலையில் போன் பண்ணினார். கொதிப்பு ஏறிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, சாயங்காலம் வயிற்றைக் கிழித்து எடுக்கப்போகிறார்கள். அம்மா வேணும் என்று அழுகிறாளாம்.

இவள் போனை வாங்கி ஓரமாகப் போய்ப் பேசினாள். பிறகு பையைக் கட்டினாள். நான் தூக்கியபோது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. எதையெல்லாம் அடைத்திருக்கிறாய் என்றேன். தூக்கிட்டு வாங்க என்றாள்.

கடைக்கு எதிரேதான் பஸ் நிற்கும். பெஞ்சில் மச்சான். வழக்கம்போல எங்கே என்றார். "டவுனுக்கு. எம் பொண்ணுக்கு இன்னைக்குப் பிரசவம்" என்று இவள் தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

பஸ் வந்தது. இவள் என் தோளிலிருந்து பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, இரண்டு செங்கல்லை எடுத்தாள். படிக்கு நேர் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆடுகிறதா என்று காலால் தட்டிப் பார்த்தாள். ஐந்தில் ஒன்று போனால் நாலு. அது அவளுக்கு, நாலே போதும் என்றபோதே தெரிந்திருக்கிறது. நான்தான் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, இங்கயே வீடு கட்டப் போறியா?" என்றார் கண்டக்டர். விசில் வாயில் இருந்தது. பெஞ்சிலிருந்து மச்சான், எந் தங்கச்சி ஏறுறதுக்குள்ள வண்டி நகர்ந்துச்சு, அப்புறம் இருக்கு சேதி என்று சத்தம் போட்டார். எழுந்து மட்டும் வரவில்லை. சத்தம் போடத்தான் அந்த உடம்பில் தெம்பு.

கல்மேல் ஏறினாள். கம்பியைப் பிடித்தாள். வலது காலைத் தூக்கினாள். தொடை நடுங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. நான் பின்னால் அவளைத் தொடாமல் கையை விரித்து வைத்திருந்தேன். கால் பாதியில் நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் போனது. படியில் விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உடம்பை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே போனவள் திரும்பி, "கல்லை விட்டுடாதீங்க. அங்க இறங்கணும்ல" என்றாள்.

நான் குனிந்து இரண்டையும் எடுப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கைக்கொரு செங்கல்லோடு ஓடினேன். இருபது அடி தூரம்கூட இருக்காது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. படியில் காலை வைத்தால் முட்டி மடங்க மறுக்கிறது, கையை ஊன்றலாம் என்றால் கையில் கல். கண்டக்டர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். ஒன்பது வாரமாக நட, ஏறு, எழுந்திரு என்று ஓதினவன் நான். இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கல்லுக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்று கண்டக்டர் கேலி பண்ணிவிட்டுப் போனார். கல்லை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு அடங்கக் காத்திருந்தேன். ஒரு விஷயத்தை நான் இவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவளே பேசினாள்.

"பொண்ணை ரெண்டாவது மாடியில வச்சிருக்காங்களாம். லிஃப்ட் ஓடலையாம். மாப்பிள்ளை சொன்னாரு."

ஆமாம் என்றேன்.

"எத்தனை படி இருக்கும்?"

"நாப்பது இருக்கும்."

முட்டியைத் தடவிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "ஏறுறது மட்டும் கணக்கா, இறங்குறதும் சேர்த்தியா?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.